சும்மா கிடந்த மெஷின்கள்

ஆடிட்டரம்மாவின் அறையில் இரண்டு நாற்காலிகள்தான் உண்டு. ஒன்றில் அவர் உட்கார்ந்திருப்பார், மற்றதில் கோப்புகள் உட்கார்ந்திருக்கும். அட்டைப்பெட்டி கம்பெனி முதலாளி வந்து நின்றதும் அவர் எழுந்து கோப்புகளைத் தூக்கித் தரையில் வைத்தார்.

"என்ன சார், அதிசயமா இருக்கு? அதான் கையெழுத்துப் போட்டாச்சே."

"கையெழுத்துக்கு வரலை மேடம். படிக்கக் கத்துக்கலாம்னு வந்தேன்."

அவர் சிரிப்பார் என்று முதலாளி எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. முதலாளி கணக்குப் பார்க்கும் அழகு அவருக்குத் தெரிந்ததுதான். வருடம் முடிந்து கணக்கைக் கட்டாகக் கையில் கொடுத்தால், நேரே பணப்புழக்க அறிக்கையின் கடைசி வரிக்குப் போவார். கையிலும் வங்கியிலும் மிஞ்சியிருக்கும் பணம் போன வருடத்தைவிடக் கூடியிருந்தால் சந்தோஷமாகப் பேனாவைத் திறப்பார். குறைந்திருந்தால் முனகிக்கொண்டே திறப்பார். இடையில் இருக்கிற எழுத்தெல்லாம் அவருக்குப் பேருந்தில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஊர்கள்.

"நாளைக்கு என் மச்சான் வர்றான்" என்றார். "கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருந்தவன். வேலையை விட்டுட்டு மொத்தமா வந்துட்டான். அவன் பணத்தை நம்ம கம்பெனியில போடச் சொல்லி அவன் அக்கா, அதான் என் சம்சாரம், பேசி வச்சிருக்கா. கணக்கைப் பாத்துட்டுத் தரேங்கிறான். ஏதாவது கேட்டா நான் திருதிருன்னு முழிக்கக் கூடாதில்ல?"

கடைசி வரியில் மிஞ்சிய பணம் வருடம் முடிந்த கையோடு கரைந்துவிட்டது. மச்சான் தராவிட்டால் தொழிலாளர்களுக்கு அடுத்த சம்பளம் கிடையாது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தவர்களில் ஆடிட்டரம்மாவும் ஒருவர்.

"எதைச் சொல்லித் தரணும்?"

முதலாளி தாளின் மேல் விரலை வைத்தார். "மூணு தலைப்பு இருக்கு. முதல்ல தொழில்லேர்ந்து வந்த பணம். அது மைனஸ். காலம் அப்படி, ஒத்துக்கறேன். மூணாவது கடன், அது யாருக்குத்தான் இல்ல? நடுவுல பாருங்க, முதலீட்டுல வந்த பணம். மூணு வருஷமா பிளஸ். வருஷா வருஷம் ஏறுது. நம்ம பலமே அதுதானே? அதை எப்படி எடுத்துச் சொல்றதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

ஆடிட்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மேசைமேல் வைத்தார். மின்விசிறிக் காற்றில் தரையிலிருந்த கோப்பு ஒன்று திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

"அந்தப் பணம் எங்கேர்ந்து வருதுன்னு நினைக்கறீங்க?"

"நாம போட்ட முதலீடு பலன் குடுக்குது."

"இல்ல சார். கம்பெனி நாளைக்கும் ஓடணும்னு சில பொருள் வாங்கி வைப்போம். மெஷின், வண்டி, இடம், பேங்க்ல டெபாசிட். அதை வாங்கினா இந்தத் தலைப்புல பணம் வெளியே போகும், மைனஸ். அதையே வித்தா உள்ளே வரும், பிளஸ். முதல்ல வேனை வித்தீங்க. அடுத்து தையல் மெஷின், கூடவே டெபாசிட்டையும் உடைச்சீங்க. இந்த வருஷம் பஞ்சிங் மெஷின். நீங்க பலம்னு சொல்றது இதைத்தான்."

"அதெல்லாம் சும்மா கிடந்தது மேடம்."

"ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொன்னீங்க."

முதலாளி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த எண் இப்போதும் அதே எண்தான். ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் தெரிந்தவர் என்று நினைத்துக் கையசைத்த ஆள் பக்கத்தில் வந்ததும் யாரோவாகிவிடுவாரே, அப்படி இருந்தது.

"அந்தப் பஞ்சிங் மெஷினை வாங்கின வருஷம் ஞாபகம் இருக்கா?" ஆடிட்டரம்மா கேட்டார். "இதே இடத்துல பெரிய மைனஸ். கம்பெனியே முழுகிப் போன மாதிரி காட்டறீங்களேன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தீங்க. நீங்க நல்லா இருந்த வருஷம் சார் அது. முதல் தலைப்புல சம்பாதிச்சு ரெண்டாவதுல போட்டீங்க. இப்போ ரெண்டாவதுல பிடுங்கி முதல்ல இருக்கிற ஓட்டையை அடைக்கறீங்க."

"விக்கறதே தப்பா?"

"தப்பில்ல. பழசை வித்துப் புதுசு வாங்கினா, பிளஸ்ஸுக்குப் பக்கத்துலயே ஒரு மைனஸ் துணைக்கு நிக்கும். உங்களுது தனியா நிக்குது பாருங்க."

முதலாளி வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், யாரோ ஒட்டுக்கேட்பதுபோல, "ஒண்ணு செய்யலாமா?" என்றார். "அந்தத் தொகையைத் தூக்கி முதல் தலைப்புல வச்சிடுங்க. கூட்டிப் பாத்தா அதே கடைசி வரிதான். யாருக்கும் நஷ்டமில்ல."

"உங்க மச்சானுக்கு?"

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு மேடம். இனி சாண் என்ன, முழம் என்ன?"

"போனது உங்க தலைக்கு மேல சார். அவர் இப்பத்தான் கரையேறி வந்திருக்கார்."

முதலாளி எழுந்ததும் ஆடிட்டரம்மா கோப்புகளை எடுத்து நாற்காலியில் திரும்ப வைத்தார்.

ஷெட்டுக்குள் நுழையும்போதே வெந்த பசையின் வாசனை வந்தது. காகித உருளையை விழுங்கி அட்டையாக நெளித்துத் தள்ளும் பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யானை என்று அதற்குப் பெயர். இங்கே மெஷின்களுக்குப் பெயர் வைப்பது மேஸ்திரியின் வேலை. அட்டையைப் பெட்டி அளவுக்கு வெட்டும் பஞ்சிங் மெஷினைக் குண்டன் என்பார். பெட்டி ஓரத்தைக் கம்பியால் தைக்கும் தையல் மெஷினுக்கு அவர் வைத்த பெயரைப் பெண்கள் இருக்கும்போது சொல்வதில்லை.

முதலாளி வாசலிலேயே நின்றார். ஒரு தொழிலாளி அட்டைக் கட்டைத் தோளில் சுமந்து எதிர்ச் சுவருக்குப் போனார். நேரே போகலாம், தடுக்க எதுவும் இல்லை. ஆனால் பாதி வழியில் அவர் இடப்பக்கம் ஒதுங்கினார், வளைந்தார், பிறகு நேரானார். பின்னால் வந்தவரும் அதே இடத்தில் ஒதுங்கி, அதே மாதிரி வளைந்து போனார். அங்கே தரையில் வெளிறிய சதுரம் ஒன்றும், அறுத்துவிட்ட போல்ட்டுகளின் முனைகளும் மட்டுமே இருந்தன.

"ஏன் சுத்திப் போறாங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"எதை?" மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "அட, ஆமா. குண்டன் போனது கண்ணுக்குத் தெரியும் முதலாளி. காலுக்கு யாரு போய்ச் சொல்றது?"

முதலாளி சிரிக்க முயன்றார். வரவில்லை.

முதலில் வேன். வாரத்தில் பாதி நாள் சும்மா கிடக்கிறது என்று விற்றார். வாடகை வண்டி சொன்ன நேரத்துக்கு வரவில்லை, பெட்டி வாங்கிக்கொண்டிருந்த சோப்பு கம்பெனிக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். அவன் போனதும் தையல் மெஷின் சும்மா கிடந்தது. அதை விற்று, இருக்கிற கொஞ்சத் தையலை வெளியே கொடுத்தார். வெளியே கொடுத்ததில் கூலி ஏறிற்று, கூலி ஏறியதில் பெட்டியின் விலை ஏறிற்று, மருந்து கம்பெனிக்காரன் விலகினான். அவனுடைய பெட்டிகளை வெட்டிக்கொண்டிருந்த குண்டன் சும்மா கிடந்தது. ஒவ்வொன்றும் சும்மா கிடந்த பிறகுதான் விற்றார், அதில் பொய்யில்லை. அதைச் சும்மா கிடக்க வைத்தது யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டதில்லை. ஒவ்வொரு முறையும் சம்பளம் போய்ச் சேர்ந்தது, கடைசி வரி கூடியது, அவர் பேனாவைத் திறந்தார்.

"இன்னொண்ணு" என்றார் மேஸ்திரி. "யானையைப் பாக்க ஒருத்தன் வந்தான். போன வாரம் ஆர்டர் இல்லாம நிறுத்தி வச்சோமில்ல, எவனோ போய் ஊதியிருக்கான். கதவு அகலத்தை அளந்துட்டுப் போறான்."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தைச் சொல்ல? யானையை வித்துட்டு அங்குசத்துக்கு வழக்காடின கதை தெரியுமான்னேன். அவன் அங்குசம் என்ன விலைங்கறான்." மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கிவிட்டது. "யானை போயிட்டா நாங்கதான் முதலாளி அந்த அங்குசம்."

மறுநாள் காலையில் மச்சான் வந்தான். ஷெட்டின் மூலையில் கண்ணாடி தடுத்த சின்ன அறைதான் அலுவலகம். பின்கட்டு வீட்டிலிருந்து முதலாளியை அனுப்பும்போது மனைவி சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல நெருங்கி நின்று, "அவனா கேட்டாப் பதில் சொல்லுங்க. நீங்களா வாயைக் குடுத்துக் கெடுத்துடாதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

"என்ன மாமா, மூஞ்சி மழையில நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு?"

"வயசாகுது மச்சான்."

"எனக்கும்தான் ஆகுது. நான் என்ன ஊறிப்போயா இருக்கேன்?" மச்சான் கணக்குக் கட்டை இழுத்து, பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பணப்புழக்க அறிக்கைக்கு வந்தான். விரல் நேரே கடைசி வரியில் போய் நின்றது. முதலாளிக்கு அது தன் விரலாகவே தெரிந்தது.

"போன வருஷத்தைவிடக் கூடியிருக்கே! அக்கா சும்மா புலம்புறான்னு நினைச்சேன், நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்க." சட்டைப்பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தான். அதைத் திறப்பதற்கு முன் உள்ளங்கையால் ஒருமுறை தடவினான். "ஒண்ணே ஒண்ணு மாமா. இது போனா எனக்கு வேற இல்ல. வெயிலையே பாக்காம கப்பல் அடியில கிடந்ததெல்லாம் இதுல இருக்கு. பத்திரமாப் பாத்துக்கங்க."

ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மச்சான் எதையும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. சம்பளம் போய்விடும், மனைவியின் முகம் தெளியும், மேஸ்திரி இன்னொரு மெஷினுக்குப் பெயர் வைப்பார். பேனாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே ஒருவர் அட்டைக் கட்டைச் சுமந்து வந்து, வெற்றிடத்தருகே ஒதுங்கி, வளைந்து, போனார்.

"நடு வரியைப் படி மச்சான்."

"முதலீட்டுல வந்த பணம். பிளஸ். நல்லாத்தானே இருக்கு?"

"எழுந்து வா. காட்டறேன்."

மச்சானின் காலுக்கு இந்தத் தரை பழக்கமில்லை. நேரே நடந்தான், இடறினான், குனிந்து பார்த்தான். "என்னது இது, போல்ட்டு?"

"அதுதான் அந்த நடு வரி" என்றார் முதலாளி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வேனில் ஆரம்பித்து, ஆடிட்டரம்மாவிடம் கெஞ்சியதுவரை. கோர்வையாகச் சொல்ல வரவில்லை. யானையின் சத்தத்தில் பாதியைத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. மச்சான் குறுக்கே பேசவில்லை. செருப்பு நுனியால் போல்ட் முனையைத் தட்டிக்கொண்டே நின்றான்.

"கப்பல்ல ரெண்டு பம்ப் இருக்கும் மாமா" என்றான் கடைசியில். "ஒண்ணு ஓடும், ஒண்ணு சும்மா கிடக்கும். அது சும்மா கிடக்கிறதாலதான் நாங்க தூங்குவோம்."

முதலாளி தலையசைத்தார்.

"என் பணம் வந்தா எந்தத் தலைப்புல வரும்?"

"மூணாவதுல. அங்கேயும் பிளஸ்தான். கடைசி வரி இன்னும் அழகா இருக்கும்."

"அப்புறம்?"

"முதல் தலைப்பு தின்னுடும். மழைக்காலம் வரைக்கும் தாங்கும்."

"அந்தப் பணத்துல குண்டனைத் திரும்ப வாங்கினா?"

"வித்ததுக்கு ரெண்டு மடங்கு கேப்பான். வாங்கினாலும் மருந்து கம்பெனிக்காரன் திரும்பி வரணுமே. நேத்தே கூப்பிட்டுப் பாத்தேன். போனை எடுக்கலை."

மச்சான் யானையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். செக் புத்தகம் கையில்தான் இருந்தது. "இப்பவும் எழுதித் தரட்டுமா?" என்றான். உண்மையாகத்தான் கேட்டான், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"வேண்டாம்."

"அக்காகிட்ட நான் பேசறேன்."

"அதுவும் வேண்டாம். நானே சொல்றேன். நீ கிளம்பு."

அவன் போன பிறகு மனைவி இரண்டு டீயோடு வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். "அவன் எங்க?"

"போயிட்டான்."

"செக்?"

"எழுத வந்தான். நான் வேண்டாம்னுட்டேன்."

டம்ளர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள். "உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா? அவன் கால்ல விழாத குறையா நான் கெஞ்சி வச்சிருக்கேன். கௌரவமா? இன்னும் நமக்கு அது வேற இருக்கா?"

"கௌரவம் இல்ல. அவன் கண்ணை வித்து நாம சித்திரம் வாங்கற மாதிரி. அந்தச் சித்திரமும் மழையோட அழிஞ்சு போயிடும்."

"அப்போ நாம?"

அவர் கண்ணாடி வழியாக யானையைப் பார்த்தார். அவள் டம்ளர்களை மேசைமேல் வைத்தாள்.

"யானையை வித்துடலாம்" என்றார். "மேஸ்திரிக்கும் மத்தவங்களுக்கும் சேர வேண்டியதைக் கையில குடுத்துடலாம். இப்போ வித்தா எல்லாருக்கும் போதும். தள்ளிப்போட்டா யாருக்கும் இல்ல."

"அதுவும் சும்மாவா கிடக்குது?" என்று கேட்டாள். குரலில் இருந்தது கேலியா அழுகையா என்று தெரியவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் யானை அட்டையை நெளித்து நெளித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வில் டம்ளரிலிருந்த டீ வட்டம் வட்டமாக நடுங்கியது.

"இல்ல" என்றார். "இது ஓடுது."