கரைக்குக் கீழே ஒரு கூட்டம்

எங்கள் ஐயா இரண்டு ஆயுளை ஒரே உடம்பில் வாழ்ந்தவர். முதல் ஆயுளில் சுரங்கத் துறை அமைச்சர். இரண்டாவதில் சுற்றுச்சூழல் போராளி, அகதி முகாம்களுக்குக் குடிநீர் கொண்டுபோனவர், மைக்கைப் பிடித்தால் கல்லும் கரையும் என்று பேர் வாங்கியவர். இரண்டிலும் அவருக்கு பி.ஏ. நான்தான். அவருடைய நாற்காலி மாறியது, சட்டை மாறியது, பேச்சு மாறியது. நான் மட்டும் அதே கைப்பையோடு பின்னாலேயே நடந்தேன்.

இரண்டு ஆயுளுக்கும் நடுவில் ஒரு கரை உடைந்தது. சுரங்கக் கழிவைச் சேறாகத் தேக்கி வைக்கிற குட்டையின் மண்கரை. கீழே ஒரே ஒரு தெரு. நாற்பத்தொரு பேர். ஐயா மறுநாளே பதவியை விட்டார். அன்றிலிருந்து எந்த மேடையானாலும் அந்த ஒரு வாக்கியம் வராமல் போகாது: "ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால், நான் தடுத்திருப்பேன்." கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஏனென்றால் கடிதம் வந்தது. அமைச்சர் அலுவலகத்துக்கு நாளொன்றுக்கு ஒரு சாக்கு மனு வரும். உறையைப் பிரிப்பேன், மேல் மூலையில் 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை குத்துவேன், கோப்பில் கோப்பேன். படித்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த சாக்கு வந்துவிடும். யார் பார்வையிட்டார்கள் என்று முத்திரையும் சொல்லாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். கரை கசிகிறது என்று அந்தத் தெருக்காரர்கள் எழுதியதை, கரை உடைந்த பிறகுதான் கோப்பிலிருந்து எடுத்துப் படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். பதினாறு வருடம். ஐயாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பச்சைப்பிள்ளை மாதிரி நம்பிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

ஐயா பிறகு தொடங்கிய அறக்கட்டளையின் கூட்டங்களில் வாசலில் மேசை போட்டு வருகைப் பதிவு வாங்குவது என் வேலை. போன வருடம் அதில் கணக்கு உதைக்கத் தொடங்கியது. முப்பது தலை, முப்பத்தொரு கையெழுத்து. அடுத்த ஊரில் நான்கு அதிகம். பிறகு ஒன்பது. அதிகப்படியான கையெழுத்துகள் நீல மையில் இல்லை, சாம்பல் நிறத்தில் இருந்தன. அந்த இடத்தில் மட்டும் தாள் ஈரமாக இருந்தது. பெயர்களை நான் இரண்டாம் முறை படிக்கவே வேண்டியிருக்கவில்லை. கரை உடைந்து செத்தவர்களின் நிவாரணப் பட்டியலைத் தட்டச்சு செய்தவளே நான்தான். பயந்துபோய்க் கண் டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். கையெழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

போன மாதம் நாற்பத்தொரு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இந்த மாதக் கூட்டம் வேறொரு கரைக்குக் கீழே. அதே மாதிரிக் குட்டை, அதே மாதிரி மண்கரை, கீழே ஒரு குடியிருப்பு. மக்கள் பயப்படுகிறார்கள், ஐயா சொன்னால் அடங்குவார்கள் என்று அரசாங்கம் ஆய்வுக் குழுவுக்கு அவரைத் தலைவராக்கியிருந்தது. 'கரை பத்திரமாக இருக்கிறது' என்ற அறிக்கையைப் பள்ளிக்கூட மண்டபத்தில் அவர் படிக்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம்.

இரண்டரைக்கு மேசை போட்டு, புதுத் தாளை வைத்துவிட்டு, பேனாவுக்காகக் கைப்பையில் கைவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே பள்ளிக்கூடச் சமையல்காரம்மா நின்றிருந்தாள்.

"மேடம், எனக்குப் பதிலா யாரு கையெழுத்துப் போட்டது?"

தாள் நிறைந்திருந்தது. மேலிருந்து கீழ் வரை சாம்பல் நிறம்.

"இது என் கையெழுத்தேதான். ஆனா நான் இப்பத்தானே வர்றேன்?"

அவள் பின்னால் வந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் போட்டாச்சா? நல்லதாப் போச்சு, ஒரு வேலை மிச்சம்." சொல்லிக்கொண்டே தன் பெயரின் மேல் விரலை வைத்தார். விரல் நுனியில் சேறு ஒட்டிக்கொண்டது. அவர் சிரிப்பு நின்றது. தாளின் கடைசியில் பெயர் இல்லை, மிளகு அளவுக்கு ஒரு கட்டைவிரல் ரேகை மட்டும். வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தாளைப் பிடுங்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். ஐயா அறிக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அதைப் படிக்காதீங்க. இவங்களை உடனே மேட்டுக்கு அனுப்புங்க."

"என்னம்மா ஆச்சு உனக்கு? மூணு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

தாளை நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். இது என்ன, யார் எழுதியது, ஒரு கேள்வி கேட்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மணியாச்சு" என்று எழுந்து மேடைக்குப் போய்விட்டார். அந்த நிமிடம் அவரை அடித்திருப்பேன்.

மைக்கில் வழக்கம்போலத் தொடங்கினார். "ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் என் மேசைக்கு..."

நான் மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். முப்பது வருடத்தில் அவர் பேச்சில் நான் குறுக்கிட்டதே இல்லை.

"வந்துச்சு! லெட்டர் வந்துச்சு. நான்தான் படிக்காமலே முத்திரை குத்திக் கோப்புல போட்டேன். நாப்பத்தொரு பேர் செத்தது என்னால. இந்தக் கரையும் நிக்காது. எந்திரிச்சு மேட்டுக்குப் போங்க."

யாரும் அசையவில்லை. லாரி டிரைவர்தான் எழுந்தார். "மேடம், ஐயா பேரைக் கெடுக்காதீங்க. அவர் சொல்லட்டும், நாங்க போறோம்."

சமையல்காரம்மா கேட்டாள்: "அப்ப போன மாசம் நாங்க உங்க ஆபீசுக்கு எழுதினது? கரையடியில ஊத்து மாதிரி தண்ணி வருதுன்னு எழுதினோமே?"

அறக்கட்டளைக்கு வந்த போன மாத உறைகள். மேல் மூலை. என் கை. இத்தனைக்கும் பிறகு, அதே கை.

"அதையும் படிக்கல" என்றேன். இதைவிட வெட்கக்கேடான ஒன்றை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அப்போதும் யாரும் எழவில்லை. எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் சும்மா இருந்தால் போதும், நான் புத்தி பேதலித்தவளாகி விடுவேன், அவர் பேர் அப்படியே நிற்கும். அவர் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார்.

"லெட்டர் வந்தது நிஜம். நான் படிச்சேன்."

என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவங்க வீட்டுக்குப் போனப்புறம் கோப்பைப் புரட்டுறது என் பழக்கம். கரை கசியுதுன்னு தெரிஞ்சேதான் மூடி வெச்சேன், தேர்தல் முடியட்டும்னு. இந்த அறிக்கையும் அந்த மாதிரிதான். புள்ளைங்களைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போங்க. என்னைத் திட்டுறதை அங்க போய்த் திட்டுங்க."

அப்புறம்தான் எழுந்தார்கள். குழந்தைக்காரி முதலில் ஓடினாள். லாரி டிரைவர் நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றினார். கால்மணி நேரத்தில் மண்டபம் காலி.

பாவி! பதினாறு வருடம் தூக்கமில்லாமல் நான் சுமந்ததை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். என்னென்னவோ கேட்க வாய் துடித்தது. ஆனால் என் வாயில் வந்தது, "வாங்கய்யா, போலாம்."

"நீ போம்மா. இங்க இன்னும் ஆளுங்க இருக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாம் காலி. ஆனால் ஆள் உட்கார்ந்தால் வளைவதுபோல அவற்றின் கால்கள் வளைந்திருந்தன.

"உனக்குக் கையெழுத்துதான் தெரியுது" என்றார் ஐயா. "எனக்கு மூஞ்சி தெரியுது. போன வருஷத்துலேர்ந்து."

நான் ஓடினேன். நன்றிகெட்டவள் என்று சொன்னாலும் சரி, ஓடினேன்.

மேட்டில் எல்லோரும் நின்றிருந்தோம். பள்ளிக்கூடக் கூரையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அங்கேயும் கேட்டது. ஐயா பேசிக்கொண்டிருந்தார். மேடைப்பேச்சு இல்லை, பதில்கள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால், யாரோ கேள்வி கேட்கும் அளவுக்கு ஒரு மௌனம்.

"ஆமாம்மா... படிச்சேன்மா... இல்ல, ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

மௌனம்.

"உங்க பையனா? தெரியும்மா. நாலாங்கிளாஸ்."

சமையல்காரம்மா என் தோளைப் பிடித்தாள். "யார்கிட்ட பேசுறாரு மேடம்?"

ஒலிபெருக்கியில் நீண்ட மௌனம், இதுவரை வந்ததிலேயே நீளமானது.

"இல்லம்மா" என்றார் ஐயா. "நான் எங்கயும் போகல."

பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துகொள்வது போல. அதற்கு அப்புறம்தான் கரை உடைந்தது.