அக்காவுக்குத் தெரிந்த வழி

தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு மேலே தங்கை ஒரு வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தாள். அதிலிருந்த மலைமுகட்டைத் தாண்டப் பாதை கிடையாது. தானும் அக்காவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிப்பதென்று வெகுநாளாகத் திட்டம். போன கோடையில் கிளம்பும் நேரம் பார்த்துத் தங்கைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை.

"உன்னை விட்டுட்டு நான் மட்டும் போவேனா?" என்றாள் அக்கா, கட்டிலோரம் உட்கார்ந்து.

இந்தக் கோடையில்தான் கிளம்பினார்கள். சரளைச் சரிவில் தவழாத குறையாக ஏறியதும் செங்குத்துப் பாறை வழிமறித்தது. தங்கை வரைபடத்தை விரிப்பதற்குள் அக்கா இடப்பக்கம் போய், கீழிருந்து கண்ணுக்கே படாத இடுக்கு ஒன்றைக் காட்டினாள்.

"எப்படிக்கா?"

"சும்மா தோணுச்சுடி."

தங்கை அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

மேலே ஓர் ஓடை. "இங்கேயே தண்ணி ரொப்பிக்கோ. முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஏரி வெறும் சேறு" என்ற அக்கா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏரி இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை.

தங்கை பாட்டிலை மூடினாள். "எப்ப வந்த?"

அக்கா பை வாரை இழுத்து இழுத்து விட்டாள். "போன கோடை. உங்க மாமாவோட."

"நான் கட்டுப் போட்டுப் படுத்திருந்தப்பவா?"

"நீ திரும்ப மலை ஏறுவியான்னே சந்தேகமா இருந்துச்சுடி. டாக்டரே இழுத்துப் பேசினாரு."

"நான் ஏறவே மாட்டேன்னு நீயும் உன் வீட்டுக்காரரும் முடிவே கட்டிட்டீங்க."

சற்றுமுன் கட்டிக்கொண்டு குதித்ததை நினைத்தபோதுதான் தங்கைக்கு முகம் எரிந்தது.

"இனிமே நான் முன்னால போறேன். நீ வாயத் திறக்கக் கூடாது."

அவள் நுழைந்த பள்ளம் பனிச்சுவரில் போய் முட்டியது. அக்கா வாய் திறக்காமல் பின்னாலேயே திரும்பினாள். அடுத்து வலப்பக்கக் கூர்முனையில், கையும் காலும் சிராய்க்க, முகட்டை எட்டினார்கள். கீழே ஏரி சேறாகத்தான் கிடந்தது. போட்டோ எடுக்க அக்கா போனை உயர்த்தினாள். தங்கை இறங்கத் தொடங்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் மாமா அழைத்தார். அக்கா தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள்.

"என்னம்மா, வழி கண்டுபிடிச்சீங்களா?" குரலில் அத்தனை ஆவல்!

"ஏன் மாமா, உங்களுக்குத் தெரியாதா?"

போனை அக்கா கையில் திணித்துவிட்டு, பஸ் வந்ததும் ஏறி, ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்த இருவர் இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தாள் தங்கை.