நின்றதற்கான காரணம்

“இந்த வரியை எடுத்துடுங்க.”

எந்நாளும் யாரிடமும் கிளறக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்ததை, பெரியம்மாவின் உடல் கூடத்தில் கிடக்கும்போதே அவள் கிளறிவிட்டாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தெருவில் அவருக்கு ‘அறிக்கை’ என்று பெயர். தும்முவதானாலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டுதான் தும்முவார் என்பார்கள். அரை மணியில் வாசலில் இரங்கல் கூட்டம். வாழ்க்கைக் குறிப்பை எழுதியது அவர். வாசிக்க வேண்டியது அவள். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பெரியம்மாகூட ஆசிரியர் பயிற்சியோடு சரி.

“எந்த வரிம்மா?”

“‘தங்கையைத் தாயாக இருந்து காத்தார்.’”

“அதுல என்ன தப்பு? ஊருக்கே தெரிஞ்சதுதானே.”

“ஊருக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கீங்க. நடந்ததை எழுதல.”

“சாவு வீட்டுல வழக்கு பேசாதே. படிச்ச பொண்ணு நீ.”

படிச்ச பொண்ணு என்றால் வாயை மூடு என்று அர்த்தம். அது அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது.

மற்ற வரிகளில் பொய்யில்லை. முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியவர், ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. தெருக்குழாய்க்கு மனு எழுதினார். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினார். பதிவேட்டில் ‘நின்றதற்கான காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் யாராவது ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று எழுதிவிட்டால் போதும், பெரியம்மாவுக்குப் பொல்லாத கோபம் வந்துவிடும். “யாரைக் கேட்டு எழுதினீங்க? அந்த வீட்டு அடுப்படியில போய்ப் பாருங்க, காரணம் அங்க பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு நிக்கும்!” என்று தலைமையாசிரியரையே ஒரு பிடி பிடித்தவர்.

கல்லூரியில் சேரும்போது பெற்றோர் எதுவரை படித்தார்கள் என்று சான்று கேட்டார்கள். அம்மாவின் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்தபோதுதான் அவள் பார்த்தாள். எட்டாம் வகுப்பு. காரணம்: படிப்பில் ஆர்வமில்லை. அச்சுப் போன்ற அந்த உருண்டைக் கையெழுத்து யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியம்மா அதே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது.

“இதை யார்கிட்டயும் கேக்காதே. அக்காகிட்ட கேக்கவே கேக்காதே,” என்றாள் அம்மா. ஐந்து வருஷம் அவள் கேட்கவில்லை.

இப்போது அவள் உள்ளே போனபோது, அம்மா அடுப்படியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் தேநீர். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அழ அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

“செயலாளர்கிட்ட என்ன கேட்டே?”

“நீ கிளறக் கூடாதுன்னு சொன்னதை.”

அம்மா கையிலிருந்த தம்ளரைக் கவிழ்த்தாள். “சான்றிதழ்ல அப்படி எழுதச் சொன்னதே நான்தான்டி.”

“நீயா? ஏன்?”

“தாத்தா படுத்த படுக்கை. உன் பெரியம்மா வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். பகல்ல அவரைப் புரட்டிப் போட ஒரு ஆள் வேணாமா? டீச்சர் வீட்டுப் பொண்ணையே நிறுத்திட்டாங்கன்னு ஊரு சிரிக்காது? அவ பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தா. நான்தான் சொன்னேன், ‘ஆர்வமில்லைன்னு போட்டுடுக்கா’ன்னு.”

“இருந்துச்சா, இல்லையா?”

அம்மா குழாயைத் திறந்தாள்.

“கணக்குல நான்தான் முதல்,” என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

“உனக்கு அப்போ பதிமூணு வயசும்மா. அவங்க டீச்சர். தாத்தா போனப்போ உனக்குப் பதினாறுதானே? ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் இழுத்துட்டு வந்தவங்களுக்கு இந்த அடுப்படிக்கு மட்டும் வழி தெரியலையா?”

“மெதுவாப் பேசு. வெளிய கேக்கும்.”

“கேக்கட்டும்.”

“உன்னைப் படிக்க வெச்சது அவதான்டி.”

“உனக்குப் பதிலா என்னையா?”

அம்மா குழாயை மூடினாள். பிறகு, “வாசிச்சுடு. செத்தவ காதுல விழப்போகுதா?” என்றாள்.

“உன் காதுல விழும்ல.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். தட்டில் தம்ளர்களை அடுக்கித் தேநீரை ஊற்றிக் கூடத்துக்குக் கொண்டு போனாள். வந்திருந்த ஒருவர் முகத்தை நிமிர்த்தாமலே ஒன்றை எடுத்து உறிஞ்சினார். “சர்க்கரை தூக்கலா இருக்கே,” என்றார். “வேற கொண்டு வரேன்,” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

செயலாளர் மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் காகிதத்தை அவர் கையில் வைத்தாள்.

“அந்த வரியை அடிச்சுட்டியா?”

“இல்ல. நீங்களே வாசிச்சுக்குங்க. உங்க எழுத்து, உங்க வாய்.”

“நன்றி கெட்ட பேச்சு பேசாதே. பெரியம்மா இல்லைன்னா உனக்கு ஏது பட்டம்?”

“எழுதியிருக்குங்கறதுக்காக எதையும் நம்பாதே, விசாரின்னு சொல்லிக்குடுத்ததும் அவங்கதான்.”

குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு பந்தலைத் தாண்டி நடந்தாள்.

தெருவில் அஞ்சலி செலுத்தப் பள்ளிப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நின்றார்கள். பின்னால் மைக், அவள் மறுத்ததே தெரியாததுபோல், டீச்சரின் தங்கை மகளை வாசிக்க வரும்படி அழைத்தது. மறுபடியும் அழைத்தது.

அவள் வருவதைப் பார்த்து வரிசை நடுவில் விலகி வழி விட்டது. அவள் கடந்து போனதும், ஒரு சிறுமி ஓரடி முன்னால் வந்து இடைவெளியைச் சரிசெய்துகொண்டாள்.