ஐந்தாம் இடம்

ஹூஸ்டன் ஏர் ஹாக்கிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காற்று மேஜைமேல் சீறும் பிளாஸ்டிக் வில்லையில் கை பட்டுவிட்டால், பட்டவனே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். அந்த வேகத்தில் நடுவர் கண்ணுக்கு என்னதான் தெரியும்?

அன்று பாரில் நடந்த கடைசி ஆட்டம், ஆறுக்கு ஆறு; ஏழாவது கோல் போட்டால் வெற்றி. ஜெயிப்பவனுக்குத் தரவரிசையில் ஐந்தாம் இடம். ஹெக்டர் அடித்த வில்லை பக்கச்சுவரில் மோதித் திரும்பி வெர்னனின் கோலுக்குள் போயிருக்க வேண்டியது. வெர்னனுடைய சுண்டுவிரலில் பட்டு நின்றது. சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் பழகிப்போன கை மட்டையை வீசிவிட்டது. கோல்.

நடுவர் லொரெட்டாவுக்குச் சந்தேகம். "விரல்ல பட்ட மாதிரி இருந்துச்சே, வெர்னன்?"

அவன் பதில் சொல்வதற்குள் ஹெக்டரே முந்திக்கொண்டான். "பட்டிருந்தா அவனே சொல்லியிருப்பான். நீங்க எழுதுங்க, லொரெட்டா."

லொரெட்டா கோலை எழுதிக்கொள்ள, வெர்னன் வலதுகையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். பாரில் இருந்தவர்கள் எல்லாம் முதுகில் தட்டினார்கள். "அஞ்சாம் நம்பர் துரை, இன்னிக்கு பீர் செலவு உன் தலையிலதான்" என்றான் ஒருவன். வருஷக்கணக்கில் ஏங்கிய இடம் அது. ஹெக்டரிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். நாளைக்குச் சொன்னால் போதாதா என்றும் நினைத்தான். வலதுகையை மட்டும் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தான்.

ஹெக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் துணியில் சுற்றிய ஐஸ். வெர்னனின் கையைப் பாக்கெட்டிலிருந்து இழுத்து, சுண்டுவிரல்மேல் அதை வைத்தான்.

"வீங்கிடுச்சு பாரு. நல்லா அழுத்திப் புடிச்சுக்கடா."