சொந்த மகனுக்கும் அவுட் கொடுத்தவர்

யோகேஸ்வரனைப் போல நியாயம் பார்க்கிற ஆளை லிந்துலைப் பக்கத்தில் வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது என்று தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தது யார் என்று எவராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அவருடைய மனைவி நாகலெட்சுமியைக் காட்டியிருக்கலாம்.

யோகேஸ்வரன் மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவர். பெண்கள் சாக்கைக் கொண்டுவந்து தராசில் மாட்டினால், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்துக்கொண்டு கிலோவைச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு கிலோ கழித்தால் நாகலெட்சுமிக்கு மூன்று கழிப்பார். "புருஷன் நிறுக்குறான், அவளுக்கென்ன கவல" என்று ஒருத்தி முணுமுணுத்துவிடக் கூடாது, அதற்காக. இருபது வருடமாக அந்த ஒரு கிலோ தினமும் போகிறது. அவள் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. "அவரு அப்படித்தாங்க" என்று சிரித்துக்கொண்டே அடுத்த நிரைக்குப் போய்விடுவாள். அவளுக்கு அதில் பெருமை வேறு! ஊர் வாய்க்குப் பயப்படுவதைத்தான் நியாயம் என்று இந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரை அம்பயராகப் போடாமல் வேறு யாரைப் போடுவார்கள்? தைப்பொங்கலுக்கு நடக்கிற மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டியில் பத்து வருடமாக அவர்தான் அம்பயர். மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று தோட்டத்தின் எந்தப் பிரிவு அணி மோதினாலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

போன பொங்கலில் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு டிவிசனும் வந்தன. மேல் டிவிசனின் நட்சத்திரம் வினோஜன். யோகேஸ்வரனின் ஒரே மகன், இருபது வயது. பையன் அடித்தால் பந்து தேயிலைக்குள் போய் விழும், அப்புறம் அதைத் தேட ஆறு பேர் இறங்க வேண்டும். அன்றைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய கம்பனியின் கிரிக்கெட் பயிற்சியாளர் பரிசு கொடுக்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் கம்பனியில் வேலை, கம்பனி அணியில் இடம் இரண்டும் கிடைக்கும் என்று பேச்சு. வினோஜன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசி இரண்டு பந்தில் ஐந்து ஓட்டம் தேவை. வினோஜன் நாற்பதில் நிற்கிறான், மிச்சம் ஒரே விக்கெட். பந்தைத் தட்டிவிட்டு இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பினான். எறிந்த பந்து அம்பு மாதிரி வந்தது. பையன் மட்டையை நீட்டிக்கொண்டு மண்ணில் பாய்ந்தான். பக்கத்தில் நின்ற யோகேஸ்வரன் கண்ணால் பார்த்தார்: மட்டை கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ளே இருந்தது. அதற்குப் பிறகுதான் விக்கெட் சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழ் டிவிசன்காரன் ஒருத்தன் பின்னாலிருந்து கத்தினான்: "அப்பன் அம்பயரு, மவன் பேட்ஸ்மேனு! எப்புடிய்யா அவுட்டு வரும்?"

கூட்டம் சிரித்தது. யோகேஸ்வரனின் விரல் மேலே போய்விட்டது.

அவ்வளவுதான் நடந்தது. கண் மூடித் திறக்கிற நேரம். மேல் டிவிசன் தோற்றது. வினோஜன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து அப்பாவை ஒரு முறை பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். கத்தினவனே ஓடிவந்து, "மன்னிச்சுக்குங்கண்ணே, நீங்க மனுஷன்!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். யாரோ ஒருவன் தூரத்தில் நின்று போனில் எடுத்த துண்டு வீடியோ அன்று சாயந்தரமே ஊரெல்லாம் சுற்றியது. அதில் கோடும் தெரியவில்லை, மட்டையும் தெரியவில்லை. விரலைத் தூக்கிய அப்பாவும் கீழே கிடக்கிற மகனும்தான் தெரிந்தார்கள். "சொந்த மகனுக்கும் அவுட் கொடுத்தவர்" என்று தலைப்பு வேறு. கீழே ஆயிரம் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். போன் கையில் இருந்தால் போதும், ஆளைத் தெரியாமலே தெய்வமாக்கிவிடுகிறார்கள்!

வீட்டில் மட்டும் சண்டை நடந்தது. "நான் உள்ள வந்துட்டேம்மா" என்றான் வினோஜன்.

"உங்கப்பா அவுட்டுன்னா அவுட்டுதான்டா. அவரு கண்ணு பொய் சொல்லாது" என்றாள் நாகலெட்சுமி. ஒரு வாரம் அம்மாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யோகேஸ்வரன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க அது நல்ல நேரம். திறக்கவில்லையே, பாவி மனுஷன்.

கொழும்புப் பயிற்சியாளர் கண்டியில் வேறு வேலையை முடித்துக்கொண்டு வந்தார். இறம்பொடை வளைவுகளில் மூடுபனியில் மாட்டி, ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். நாற்பத்தொன்று அடித்த பையனைப் பற்றி எல்லோரும் அவர் காதில் ஓதினார்கள். அவர் வினோஜனைக் கூப்பிட்டு நம்பரைக் கொடுத்து, "நீ ஆடின முழு வீடியோவையும் அனுப்பு தம்பி. கொழும்புல காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முழு வீடியோ ஒருவரிடம்தான் இருந்தது. லிந்துலை டவுனில் போன் கடை வைத்திருக்கிற, எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற ஸுஹைரிடம். அவர் வழக்கமாக ஆட்டத்தை இணையத்தில் நேரடியாகப் போடுவார். அன்றைக்கு சிக்னல் கிடைக்காமல், பக்கவாட்டில் ஸ்டாண்டு வைத்து முழுசாகப் பதிவு மட்டும் பண்ணியிருந்தார். மூன்றாம் நாள் ஸுஹைர் யோகேஸ்வரனுக்குப் போன் போட்டார்.

"யோகேஸ் அண்ணன், வீடியோவ இன்னைக்குத்தான் வடிவாப் பார்த்தன். மகன் அவுட் இல்ல. மட்ட நல்லா உள்ளுக்கு ஈக்குது. சனங்க முழு மேட்சையும் போடச் சொல்லிக் கேக்குறாங்க. என்ன செய்ற?"

யோகேஸ்வரன் போனோடு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். ஏனென்றால் முந்தின நாள்தான் சுயேச்சைக் குழுக்காரர்கள் நாலு பேர் லயத்து வீட்டுக்கு வந்து, பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். "உங்க மூஞ்ச காட்டினாலே போதும்ணே, வோட்டு வுழும்" என்றிருந்தார்கள். நாகலெட்சுமி அவர்களுடைய தேத்தண்ணியில் சீனியை இரண்டு மடங்கு போட்டாள், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. எத்தனையோ தலைமுறையாக, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் ஓடின வீடு. இன்றைக்குத்தான் யாரோ வீடு தேடி வந்து 'ஐயா' என்றிருக்கிறார்கள்.

"அழிச்சிடுங்க நானா" என்றார் யோகேஸ்வரன்.

"கடைசிப் பந்த மட்டும் வெட்டிட்டுப் போடலாம் அண்ணன். ரெண்டு நிமிஷ வேல."

"வேணாம், வேணாம். கடைசிப் பந்து எங்கேன்னு கேப்பானுங்க. முழுசா அழிச்சிடுங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார் ஸுஹைர். யோகேஸ்வரன் ஆமாம் என்றார். யோசிக்கவில்லை. மகன் அந்த வீடியோவைக் கேட்டு வரப்போகிறான் என்ற ஞாபகம் அந்த நிமிடம் அவருக்கு வரவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ என்னவோ. அவரும் தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிப் பார்க்கிறார். ஆனால் வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆமாம் என்றார்.

மறுநாள் வினோஜன் கடைக்குப் போனபோது, "போன்ல எடம் பத்தாம அழிஞ்சு போச்சு தம்பி" என்று ஸுஹைர் சொல்லிவிட்டார். காட்டிக்கொடுக்காத மனிதர். கொழும்புப் பயிற்சியாளர் ரெண்டு தடவை கேட்டார், மூன்றாவது தடவை கேட்கவில்லை. கீழ் டிவிசன் பையன் ஒருத்தனுக்கு அந்த வேலை போனது. வினோஜன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு சிமெந்து மூட்டை தூக்கப் போனான்.

சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். யோகேஸ்வரன் வென்றார். நாகலெட்சுமி கோயிலில் பொங்கல் வைத்தாள். மாலையோடு எடுத்த படத்தை மகனுக்கு அனுப்பினாள். அவன் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினான்.

தீபாவளிக்கு வினோஜன் இரண்டு நாள் லீவில் வந்தான். தோள் அகன்றிருந்தது, முகம் ஒட்டியிருந்தது. கிரவுண்டில் பையன்கள் ஆடக் கூப்பிட்டார்கள். "கை வலிக்குதுடா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். போகிற அன்று காலையில்தான் சொன்னான், பாஸ்போர்ட் வந்துவிட்டதாம், தையில் கத்தாருக்குப் போகிறானாம். நாகலெட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். யோகேஸ்வரன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தார்.

பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரில் ஸுஹைரின் கடை. அவர்களைக் கண்டதும் வெளியே வந்து, "வினோ! வாங்க தம்பி, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டார். வினோஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஸுஹைர் யோகேஸ்வரனை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால்கூட யோகேஸ்வரன் தாங்கியிருப்பார். இல்லை. ஸுஹைர் உள்ளே போய்விட்டார்.

"பெரியவரு கூப்புடுறாரு, இப்படியா செய்வ?" என்றார் யோகேஸ்வரன்.

"அந்த ஆள் மூஞ்சியில முழிக்கவே எனக்குப் புடிக்கலப்பா. ஒரு வீடியோவ வச்சிருக்கத் துப்பில்ல. எம் பொழப்பே போச்சு."

யோகேஸ்வரன் பையைக் கை மாற்றிக்கொண்டார். எங்கேயாவது ஓரிடத்தில் தொடங்கித்தானே ஆக வேண்டும்? "வினோ, அன்னைக்கு நீ அவுட் இல்ல" என்றார்.

வினோஜன் சிரித்துவிட்டான். "ஓடுனது நானு. எனக்குத் தெரியாதாப்பா?"

"பின்ன ஏன்டா எங்கிட்ட ஒன்னும் கேக்கல?"

"என்னத்தக் கேக்குறது? வெயிலு நேரா உங்க கண்ணுல அடிச்சுச்சு. தெரிஞ்சதத்தானே குடுப்பீங்க? பசங்க கேட்டப்பயும் அதான் சொன்னேன், எங்கப்பா தெரிஞ்சே ஒருத்தனக் கெடுக்க மாட்டாருன்னு."

அன்றைக்கு வெயில் எங்கே அடித்தது? மலையெல்லாம் பனி. அப்பாவைக் காப்பாற்ற மகன் தானாக ஒரு வெயிலைக் கண்டுபிடித்து, பத்து மாதமாக அதை நம்பிக்கொண்டும் இருந்திருக்கிறான். இத்தோடு நிறுத்திக்கொண்டால் பிழைத்துப் போகலாம் என்று யோகேஸ்வரனின் உள்ளே ஒன்று சொன்னது. ஆனால் எதிர்க் கடையில் ஸுஹைர் தலையைக் குனிந்து எவருடைய போனையோ கழற்றிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

"வெயில் அடிக்கல. நான் நல்லாப் பார்த்தேன்" என்றார். "ஸுஹைர் நானா மேல தப்பு இல்ல. வீடியோவ நாந்தான் அழிக்கச் சொன்னேன். எலக்சனுக்காக. அவரு நல்லா யோசிங்கன்னுதான் சொன்னாரு."

வினோஜன் அவரையே பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். அவன் தெருவைக் கடந்து கடைக்குள் போனான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. ஸுஹைர் எழுந்து அவன் தோளில் கை வைப்பது மட்டும் தெரிந்தது. இங்கே, அந்த வழியாக வந்த ஒருவர், "மெம்பர் ஐயா, வணக்கங்க" என்றார். யோகேஸ்வரன் கையைக் கூப்பினார்.

பஸ் வருகிற சத்தம் கேட்டு வினோஜன் திரும்பி வந்தான். அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"சொல்லாதீங்க. அவங்களாச்சும் உங்கள நம்பட்டும்."

பஸ்ஸில் ஏறி அந்தப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை. பஸ் தலவாக்கலை ரோட்டில் திரும்பி மறைகிறவரை யோகேஸ்வரன் நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது நாகலெட்சுமி வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"சீட்டு கெடச்சுச்சாங்க?"

"கெடச்சுச்சு."

"பஸ் ஸ்டாண்டுல புள்ள ஏதாச்சும் சொன்னானா?"

யோகேஸ்வரன் செருப்பைக் கழற்றினார். "ஒன்னும் சொல்லல" என்றார்.

"அவன் உங்கள மாதிரிங்க" என்றாள் நாகலெட்சுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மனசுல ஒன்ன வச்சுக்கிட்டு வெளிய ஒன்னு பேசத் தெரியாது."