மாமனாருக்கு வைத்தியம் பார்க்காத மருமகள்

மோன்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், கோதுமை வயல்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவே இருந்த அந்தச் சிற்றூரில் உளவியலாளர் என்று ஒருவரும் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கொரின் டெஸ்கி நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டம் வாங்கினாள். பட்டம் மட்டும் போதாது. உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும், நாடு முழுவதற்குமான பெரிய தேர்வில் தேற வேண்டும், மாநிலச் சட்டத்திலும் தேர்வு எழுத வேண்டும். மேற்பார்வைக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. பெரிய தேர்வில்தான் முதல் தடவை மயிரிழையில் கோட்டை விட்டிருந்தாள். அது கணவன் கர்ட்டுக்கும் மாமனார் எல்டனுக்கும் மட்டும்தான் தெரியும்.

எல்டன் எழுபதைத் தாண்டியவர். மனைவி பெர்னிஸ் பனிக்காலத் தொடக்கத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மகன் வீட்டுக்குச் சாப்பிட வருவார். தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, மழை வருமா வராதா என்று பேசிவிட்டுப் போவார். கன்றுகள் பிறக்கும் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கர்ட் மாட்டைப் பார்க்க வெளியே போயிருந்த சமயம், அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, எனக்குத் தூக்கமே இல்ல. யாருகிட்டயாவது மனசு விட்டுப் பேசுன்னு பாதிரியார் சொல்றாரு. நீதான் இதுக்குன்னே படிச்சிருக்கியே, உன்கிட்டயே பேசிடறேன்."

கொரினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபது வருடத்தில் அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. 'இதுக்குன்னே படிச்சிருக்கியே' என்ற சொல் அவளைத் தடுத்தது.

"மருமகளா எவ்வளவு வேணா கேக்கறேன், மாமா. டாக்டரா கேக்க முடியாது. இன்னும் லைசென்ஸ் வரல. வந்தாலும் சொந்தக்காரங்களுக்குப் பாக்கக் கூடாது."

"ஏன், மெக்கானிக்கு சொந்த வண்டிய ரிப்பேர் பண்ண மாட்டானா?"

"வண்டி அவனுக்கு மாமனார் இல்லையே."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவும் இல்லை. ஆயுசில் ஒரே ஒரு தடவை மனம் திறந்த மனிதரின் வாயை இப்படியா அடைப்பாய் என்று கர்ட் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏதாவது வழி இருக்காதா என்ற நப்பாசையில் கொரின் தன் மேற்பார்வையாளர் நேயோமியிடம் தொலைபேசியில் கேட்டாள். வழி இல்லை என்றார் நேயோமி. "டாக்டர் வேற யாராவது கிடைப்பாங்க, கொரின். அவருக்கு மருமக நீ ஒருத்திதான். அதைக் கெடுத்துக்காத." பில்லிங்ஸ் நகரத்தில் லயனல் மர்ச் என்றொருவர் இருக்கிறார், நல்ல மனிதர் என்று பெயரும் கொடுத்தார்.

கொரின் நேரே மாமனாரின் பண்ணைக்குப் போனாள். தாயில்லாக் கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்த எல்டன், முன்பின் தெரியாதவனிடம் நான் எதற்குப் பேச வேண்டும் என்றார். நானே வண்டி ஓட்டிக் கூட்டிப்போகிறேன் என்றாள் அவள். அவ்வளவு தூரம் போய் வந்தால் உன் பரீட்சை என்னாவது என்று கேட்டார். அது பாட்டுக்கு நடக்கும் என்றாள். கன்று புட்டியைக் காலி செய்யும்வரை யோசித்தார். பிறகு, வழியில் பரீட்சைப் புத்தகத்துக் கேள்விகளைத் தான் வாசிப்பதாகவும், அவள் ஓட்டிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார்.

வியாழக்கிழமைதோறும் போனார்கள். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிற மாதிரி வாசிப்பார். புத்தகத்தோடு சண்டையும் போடுவார். ஒரு சிற்றூரில் உளவியலாளருக்கு முடி வெட்டுகிறவரே சிகிச்சைக்கு வந்தால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி.

"நாலு பதிலும் தப்பு," என்றார் எல்டன். "ஊருல வேற எவன் முடி வெட்டுறான்னு முதல்ல பாக்கணும்."

சிரிப்பு தாங்காமல் அவள் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. தனியாக உட்கார்ந்து படித்தபோது மண்டையில் ஏறாததெல்லாம் அவருடைய வம்பு வழக்குகளோடு சேர்ந்து நன்றாகப் பதிந்தது.

அவர் உள்ளே பேசும்போது அவள் வண்டியில் காத்திருப்பாள். வெளியே வந்ததும் பசிக்கிறது என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு வியாழன், திரும்பும் வழியில் புத்தகத்தைத் திறக்காமலே கேட்டார்.

"உள்ள என்ன பேசினேன்னு தெரிஞ்சுக்கத் துடிக்கிற, இல்ல?"

"ஆமா. ஆனா கேக்க மாட்டேன்."

"அதுவும் சட்டமா?"

"சட்டம் டாக்டருக்கு, மாமா. எனக்கு மரியாதை."

ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகு அவராகவே சொன்னார். பெர்னிஸ் போனதிலிருந்து அந்தக் கட்டிலில் படுக்கவில்லை. வாசலில் நிற்கிற பிக்கப் வண்டிக்குள்தான் தூங்குகிறார்.

"கட்டில்ல படுத்தா, கை தானா அந்தப் பக்கம் போகுதும்மா."

படித்தது எதையும் கொரின் எடுத்து நீட்டவில்லை. "குளிரலையா, மாமா?" என்று மட்டும் கேட்டாள். "குளிரத்தான் செய்யுது," என்றார் அவர்.

சனிக்கிழமை அவளும் கர்ட்டும் பண்ணைக்குப் போனார்கள். பெரிய கட்டிலைக் கழற்றட்டுமா என்று எல்டனிடம் கேட்டார்கள். அவர் திருகுளியை எடுத்துவந்து தானே முதல் திருகாணியைக் கழற்றினார். கர்ட் சின்ன வயதில் படுத்த ஒற்றைக் கட்டிலை, கன்றுகளின் சத்தம் கேட்கிற கிழக்கு அறையில் போட்டார்கள். பெர்னிஸ் தைத்த போர்வையைக் கொரின் மடித்து உள்ளே வைக்கப் போனாள். அவர் அதைக் கையிலிருந்து வாங்கி, ஒற்றைக் கட்டிலில் விரித்து, தொங்கிய ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினார். டயரில் காற்று பார்க்கிறேன் என்று வெளியே போன கர்ட் வெகுநேரம் உள்ளே வரவில்லை. வீடு திரும்பும்போது கொரினுக்கு ஒன்று தோன்றியது: அந்த மர்ச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வந்து கட்டில் தூக்க முடியாது.

கோடையில் பெரிய தேர்வில் தேறினாள். சட்டத் தேர்வு தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. ஒவ்வொரு விதிக்கும் எல்டனோடு மல்லுக்கட்டியவள் அல்லவா. தீவனப் புல் அறுவடை சமயத்தில் உரிமம் வந்தது. தீவனக் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். பெயர்ப்பலகை மாட்ட எல்டன் ஏணியோடு வந்தார். மாட்டி முடித்து, கீழே இறங்கி, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, இனி வியாழக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

"உனக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்கம்மா."

கொரினுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. "அப்ப வழியில யாரோட சண்டை போடுவீங்க?"

"ரேடியோவோட," என்றார்.

அந்த வியாழன் காலை அவள் புது அறையின் ஜன்னலோரம் நின்றாள். எல்டனின் வண்டி தெருவில் மெல்ல வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டுவதுபோல ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினார். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் கொரின் ஜன்னலை விட்டு வந்து, வருகிறவர் உட்கார வேண்டிய நாற்காலியை வெளிச்சம் கண்ணைக் குத்தாதபடி கொஞ்சம் நகர்த்திப் போட்டாள்.