சவுக்காரத்துக்கு ஒரு மார்க்கு

சைகோனில் எட்டு வருஷம் சவுக்காரத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு முகம்மது இப்ராஹிம் காரைக்காலுக்குத் திரும்பியபோது, பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை வரியில்லாமல் வந்த வெளிநாட்டுச் சரக்கை விற்றவர்கள் அடுத்து என்ன செய்வதென்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இப்ராஹிமுக்கு வியாபாரம் அவ்வளவாகத் தெரியாது. சவுக்காரம் காய்ச்சத் தெரியும். கொல்லையில் கொட்டகை போட்டு இரண்டு கொப்பரைகளை அடுப்பில் ஏற்றினார்.

கடலோரக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். சாதாரணச் சோப்புக் கட்டியைத் தேய்த்தால் திரிந்து துணியில் ஒட்டுமே தவிர நுரைக்காது. இப்ராஹிம் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் காய்ச்சினார். அவருடைய கட்டி எந்தத் தண்ணீரிலும் பொங்கியது.

"சரக்கு பிரமாதம். ஆனா மார்க்கு இல்லாம எப்படி விக்கிறது?" என்றார் கடைத்தெரு மளிகைக்காரர். "வாங்குறவங்கள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படத்தைச் சொல்லித்தான் கேப்பாங்க."

இப்ராஹிம், கடைகளுக்குப் பலகை எழுதும் சோமசேகரனைத் தேடிப் போனார்.

"லட்சுமி போட்டுடலாம் பாய்," என்றார் சோமசேகரன். "லட்சுமி போட்டு விக்காத சாமான் உண்டா?"

"கட்டியைச் சுத்துன காயிதத்தைக் கிழிச்சுச் சாக்கடையிலதானே போடுவாங்க? நாலு பேரு கும்பிடுற படத்தை அப்படிப் போட வைக்கலாமா?"

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த சோமசேகரனின் மனைவி திரிபுரசுந்தரி, "அவர் சொல்றது சரிதாங்க. நானா இருந்தா அந்தக் கட்டியைப் பிரிக்கவே மாட்டேன்," என்றாள்.

"பிறையும் வேணாம்," என்றார் இப்ராஹிம். "எல்லா வீட்டுக்கும் போகணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கப்பல் போடுவோமே?"

அந்தக் கப்பல் அவர் மனசில் வெகுநாளாக நின்றிருந்தது. சண்டையும் குழப்பமுமான சைகோனில் ஏழு மாதம் காத்திருந்து ஏறிய கப்பல். கரை தெரிந்த காலையில் மேல்தட்டில் நின்று அழுதிருக்கிறார். புகைபோக்கி எத்தனை, கொடிக்கயிறு எங்கே என்று அவர் சொல்லச் சொல்ல, சோமசேகரன் நாலு நாள் உட்கார்ந்து வரைந்தார். சிவப்பு வானம், கறுப்புக் கப்பல், சுருண்டு எழும் அலை.

அச்சுக்கு அனுப்புமுன் நாலு பேரிடம் காட்டலாமென்று, பத்துக் காகிதங்களில் அதையே சின்னதாக வரைந்து கட்டிகளைச் சுற்றிக்கொண்டு, இருவரும் சைக்கிளில் கருக்களாச்சேரி மீனவர் குப்பத்துக்குப் போனார்கள்.

கிணற்றடியில் நீலாயதாட்சி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மீன் கூடை சுமந்து நாலு ஊர் சுற்றுகிறவள். அவள் சொன்னால் அந்தக் குப்பமே கேட்கும். குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கட்டியைத் தேய்த்தாள். முழங்கை வரை நுரை ஏறியது.

"அடியாத்தி! நம்ம தண்ணியிலயா இப்படிப் பொங்குது?" மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

பிறகுதான் அவள் கல்மேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். முகம் மாறியது.

"கப்பலா? இது வேணாம் பாய். போன மாசியில ஒரு கப்பல் எங்க வலை மேல ஏறிப் போச்சு. ஆறு வீட்டு வலை. இன்னும் பின்னி முடியல. அந்தப் படத்தை வீட்டுக்குள்ள கொண்டுபோனா எங்க ஆளு என்ன சொல்வாரு? கட்டியைக் குடுங்க, காயிதத்தை நீங்களே வச்சுக்குங்க."

அதற்குள் ஈரக் காகிதத்தின் சிவப்பு வானம் கரைந்து அவளுடைய வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது. இப்ராஹிம் பதறிப்போய், தானே குனிந்து அதைத் தேய்த்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் சோமசேகரன் சைக்கிளை வேகமாக மிதித்தார். ஊர் எல்லை தாண்டியதும், "நாலு நாள் போட்டேன் பாய்," என்றார். இப்ராஹிம், "எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் மனைவி சஃபியாவிடம் நடந்ததைச் சொன்னார். சோறு வைத்தபடியே அவள் கேட்டாள்:

"உங்களை என்கிட்டே கொண்டாந்து சேர்த்த கப்பலுங்க அது. நம்ம வீட்ல மாட்டுவோம். அடுத்த வீட்டுக்கு எதுக்கு அனுப்பணும்?"

இப்ராஹிம் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.

"அந்தக் கிணத்தடியில வேற என்ன இருந்துச்சு?" என்றாள் சஃபியா.

"என்ன இருக்கும்? கல்லு, கயிறு, குடம்..."

"குடம் எல்லா வீட்லயும் இருக்கே."

மறுநாள் இதைக் கேட்ட சோமசேகரன், "குடத்தைப் பச்சைப் பிள்ளைகூட வரையும். அதுக்கு நான் எதுக்கு?" என்றார். ஆனால் வரைய உட்கார்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. கழுத்து சிறுத்தால் கள்ளுக் கலயம் போலிருந்தது. நிமிர்த்தி வைத்தால் பூஜைக் கலசம் போலிருந்தது. பத்தொன்பது குடங்களை அடித்துப் போட்டார். இருபதாவதை, இடுப்பில் இருப்பதுபோலக் கொஞ்சம் சாய்த்து, அகன்ற வாய்க்கு மேலே மூன்று நுரைக் குமிழி வைத்தார்.

திரிபுரசுந்தரி எட்டிப் பார்த்து, "இது தண்ணிக் குடம்," என்றாள்.

சாயம் கரைந்த பயத்தில் காகிதமே வேண்டாமென்று முடிவானது. ஆசாரி வேங்கைக் கட்டையில் குடத்தைச் செதுக்கித் தந்தார். கட்டி இறுகும்முன் அழுத்தினால், பாதி கரைந்த பிறகும் தடம் நின்றது. கப்பலில் இருந்த கோடுகளைக் கட்டையில் கொண்டுவந்திருக்கவே முடியாது என்று சோமசேகரனே ஒப்புக்கொண்டார்.

தைக்குள் திருவேட்டக்குடி வரை கட்டி போனது. மாசியில் ஒருநாள் நீலாயதாட்சி கூடையோடு கொல்லைக்கே வந்து நின்றாள். நல்ல கோபம்.

"பாய், யாரோ உங்க பேரைக் கெடுக்கிறான். கடையில போலிச் சரக்கு குடுத்துட்டாங்க. பாருங்க!"

இப்ராஹிம் வாங்கிப் பார்த்தார். அவருடைய கட்டிதான். அச்சுக் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி அழுத்தியிருந்தார்கள். கட்டியின் நீளவாக்கில் குடம் படுத்துக் கிடந்தது.

"இதுவும் நம்முளுதுதான் தங்கச்சி. அவசரத்துல திருப்பி வச்சுட்டோம்."

"எப்படி நம்புறது? நம்ம குடம் இப்படியா இருக்கும்?"

அவர் கொட்டகைக்குள் போய், குடம் நேராக விழுந்த கட்டியாகத் தேடி எடுத்து வந்தார். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குமிழிகளை விரலால் தடவி, மடியில் செருகிக்கொண்டாள். "இதுதான்," என்று கூடையைத் தூக்கினாள்.

சஃபியா அடுப்படியிலிருந்து, "யாருங்க, என்னவாம்?" என்று கேட்டாள்.

"கிணத்தடித் தங்கச்சிதான். ‘நம்ம குடம்’ங்கிறா, சஃபியா," என்றார் இப்ராஹிம்.